எட்டு மாடுகள், இரண்டு பிலிம்

முதுகில் பெரிய கேமரா பெட்டியைக் கட்டிக்கொண்டு நடப்பவனுக்குத் திரும்பிப் பார்க்கிற வசதி கிடையாது. அதனால் பத்து காவான் என்ற தோட்டத்தை விட்டு நான் கிளம்பிய அந்த விடியற்காலையில், லயத்து வாசலில் நின்று யாராவது கையசைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அசைத்திருக்க மாட்டார். மத்தியானத்துக்குள் போய்விடு என்று முதல் நாள் சொன்னவரே அவர்தான். மத்தியானம் வரை இருந்தாலும் சாப்பாடு கிடைக்காது என்று தெரிந்ததால் ஐந்து மணிக்கே நடையைக் கட்டினேன்.

கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள் ஞாபகத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து அங்கே போயிருந்தேன். எல்லாருக்கும் ஆசை இருந்தது, ஆசையைத் தவிர வேறொன்றும் இல்லை. பத்து நாளில் மூன்று படம் எடுத்தேன். மூன்றுக்கும் மரவள்ளிக்கிழங்குதான் கூலி. நான் படித்தது நான்காம் வகுப்பு வரை. வியாபாரம் அதற்கு மேலே உள்ள பாடம் போலிருக்கிறது.

இப்போது சட்டைப்பைக்குள் போகிற கேமராக்கள் வந்துவிட்டன. ஆனாலும் பெரிய பெட்டியின் மேல் ஆசைப்பட்டு, எந்த லென்ஸ் வாங்கலாம், எந்த நாட்டுப் பெட்டி நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்துவிட்டு வரச் சொல்வேன். வந்த பிறகும் லென்ஸைப் பற்றிக் கேட்டால் ஆள் தேறுவான். என்னுடையது தேக்குப் பெட்டி, மூலைகளில் பித்தளைப் பட்டை. வெறும் பசையால் ஒட்டிய பெட்டி இந்தக் கடற்கரை ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. திருகாணி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது துருத்தி. மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்குகிற அந்தத் தோலை வெயிலில் விரித்துப் பிடித்து, உள்ளே கண்ணை வைத்துப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் ஓட்டை. அதற்காக வாங்காமல் விட வேண்டாம், குடைத்துணியை ஒட்டி அடைத்துவிடலாம். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்துவிட்டால் கரப்பான்பூச்சி தின்னாது. லென்ஸை, வறுத்த அரிசி போட்ட பிஸ்கட் டின்னில் வைக்க வேண்டும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காது. அன்று காலை அந்த அரிசியில் பாதியை நான் நடந்துகொண்டே தின்றேன்.

ஆற்றுமுகத்தில் விறகு ஏற்றிய படகு ஒன்று கடலுக்கு அக்கரையில் இருக்கிற ஜெலுத்தோங்குக்குப் புறப்பட இருந்தது. விறகை இறக்கிக் கொடுப்பதாகச் சொல்லி ஏறிக்கொண்டேன். நடுவில் காற்று பிடித்து, அலை தெறித்து, நானும் என் சாமானும் நனைந்தோம். பெட்டியின் மேல் சாக்கைப் போர்த்தினேன். பிலிம் உறைக்குச் சாக்கு போதவில்லை.

அந்த உறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அது ஒரு மெல்லிய மரச்சட்டம். அதன் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பிலிம் இருக்கும். ஒவ்வொரு பிலிமுக்கு முன்னாலும் இழுத்து எடுக்கிற ஒரு கறுப்புத் தகடு. உறையைப் பெட்டியில் செருகி, தகட்டை இழுத்தால் பிலிம் லென்ஸைப் பார்க்கும். படம் எடுத்ததும் தகட்டை மறுபடி செருகி, உறையை வெளியே எடுத்து மறுபக்கம் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் எடுத்தது, எந்தப் பக்கம் எடுக்காதது என்று தெரிய நல்ல உறைகளில் அடையாளம் இருக்கும். என்னுடையது பல கை மாறியது, எல்லாம் தேய்ந்துவிட்டது. அதனால் என் வெற்றிலைப் பையில் இருந்த சுண்ணாம்பைத் தொட்டு, தகட்டின் பிடியில் ஒரு கோடு இழுத்து வைப்பேன். கோடு இருந்தால் புது பிலிம். எடுத்ததும் கட்டைவிரலால் அழித்துவிடுவேன். இரண்டு வருஷமாக இந்த ஏற்பாடு பிசகியதில்லை. அந்த இரண்டு வருஷத்தில் நான் படகில் போனதில்லை.

கரையில் விறகை இறக்கிப் போட்டுவிட்டு, தண்ணீர் கேட்கலாம் என்று பக்கத்தில் இருந்த மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். அத்தாப்பு ஓலைக் கூரை, நீளமான கொட்டகை, ஒரு மாடும் இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா சாணி அள்ளிக்கொண்டிருந்தார். மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முதுகைப் பார்த்தார்.

"பெட்டியில என்ன தம்பி, பாம்பா?"

"படம் புடிக்கிற பெட்டி, அக்கா."

"மாட்டப் புடிக்குமா?"

"அசையாம நின்னா யானையையும் புடிக்கும்."

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஆள் ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். அக்காவின் கொழுந்தன், ஊரிலிருந்து வந்தவன். "பாத்தியா அண்ணி, ஏதாவது ஒரு வழி கெடைக்கும்னு நான் சொல்லல?" என்றான்.

"நீ சொன்னது பசிக்குதுன்னு ஒண்ணுதான்."

விஷயம் இதுதான். அக்காவின் புருஷன் போன வருஷம் இறந்துவிட்டார். ஒரு பொம்பளை கடல் கடந்து தனியாக மாடு வைத்துப் பிழைக்க முடியாது, எல்லாவற்றையும் விற்றுவிட்டு அழைத்துக்கொண்டு வா என்று, ஊரில் இருந்த பெரிய மச்சினர் இந்தத் தம்பியை அனுப்பியிருந்தார். அக்கா வர மாட்டேன் என்றார். கொழுந்தனுக்கும் இழுத்துக்கொண்டு போக மனசில்லை. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அவன் கப்பல். வெறுங்கையோடு போய் இறங்கப் பயந்துகொண்டிருந்தான்.

"எங்க பெரிய அண்ணனுக்கு என் வாய்மேல நம்பிக்கையே கெடையாதுண்ணே," என்று என்னிடம் சொன்னான். "அண்ணி நல்லா இருக்கு, எட்டு கறவ மாடு நிக்குதுன்னு சொன்னா, கள்ளுக்கடையில கெடந்துட்டு வந்து கத சொல்றான்னு சொல்லும். தாள்ல இருந்தா நம்பும்."

"தாள் இல்லன்னா?"

"அடுத்த கப்பல்ல அண்ணனே வரும். மாட்ட வித்து, அண்ணிய கூட்டிட்டுப் போயிடும்."

"கூட்டிட்டுப் போயி அவங்க வீட்டு மாட்டுக்குச் சாணி அள்ள வைக்கும்," என்றார் அக்கா. "அத நான் இங்கயே என் மாட்டுக்கு அள்ளிக்கிறேன். தம்பி, சோறு போடறேன், படுக்க எடம் தரேன். எட்டும் தெரியணும். நானும் தெரியணும்."

என்னிடம் மிச்சம் இருந்தது உறைக்குள் இருந்த இரண்டு பிலிம்தான். சோறு என்ற வார்த்தைக்குப் பிறகு நான் அதிகம் யோசிக்கவில்லை.

மாடுகள் மேய்ந்துவிட்டு நாலு மணிக்குத் திரும்பின. கடற்கரைச் சேற்றில் முக்காலியை ஊன்றினால் கால்கள் ஒவ்வொன்றும் அதன் இஷ்டத்துக்கு இறங்கும். கொட்டாங்கச்சி மூன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கால்களை நிறுத்தினால் கல் மாதிரி நிற்கும். முக்காலியைப் பொறுத்தவரை யார் கேட்டாலும் நான் சொல்வது, கனமானதை வாங்குங்கள், கனம் போதவில்லையென்றால் நடுவில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள் என்பதுதான். தலையை மூடிக்கொள்கிற துணி உள்ளே கறுப்பாகவும் வெளியே வெள்ளையாகவும் இருக்க வேண்டும். முழுக் கறுப்புத் துணிக்குள் இந்த வெயிலில் நிற்பதற்குப் பதில் இட்லிப் பானைக்குள் உட்காரலாம். என்னுடையதில் வெளிப்பக்கம் பழைய வேட்டி.

எட்டு மாட்டையும் ஒரே வரிசையில், வேலியோரமாகப் பக்கவாட்டில் கட்டச் சொன்னேன். ஒன்று முன்னே ஒன்று பின்னே நின்றால் லென்ஸின் வாயைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் குறையும், நேரம் கூடும், மாடு அசையும். வரிசையில் நின்றால் வாயைத் திறந்தே வைத்து இரண்டு எண்ணுவதற்குள் முடித்துவிடலாம். பெட்டியின் பின்னால் இருக்கிற மங்கல் கண்ணாடியில் எட்டும் வந்துவிட்டதா என்று தானே பார்க்க வேண்டும் என்றார் அக்கா. துணிக்குள் தலையை விட்டார்.

"என்ன தம்பி, எல்லாம் கூரையில தொங்குது?"

"அது அப்படித்தான் அக்கா தெரியும். படத்துல நேரா வந்துடும்."

"எட்டும் இருக்கு. இவன் ஒருத்தன் ஓரமா தொங்குறான். நான் எங்க?"

"நீங்க இங்க இருக்கீங்களே."

கொழுந்தன் சிரித்ததில் இரண்டு மாடு திரும்பிக்கொண்டன. அவற்றை மறுபடி நிறுத்தினோம். அக்கா இடது கோடியில் பால் கறக்கிற மணையைப் போட்டு உட்கார்ந்தார். கொழுந்தன் வலது கோடியில் நின்றான். பால் வாளியை ஒரு தட்டு தட்டினால் எல்லா மாடும் அசை போடுவதை நிறுத்திவிட்டுக் காதை விறைத்துக்கொண்டு பார்க்கும் என்று அக்கா சொன்னார். அப்படியே தட்டினார், அப்படியே பார்த்தன. லென்ஸ் மூடியை எடுத்து, இரண்டு எண்ணி, மூடினேன்.

"உக்காந்தா கூலிக்கு வந்தவ மாதிரி இருக்கும்," என்று அக்கா எழுந்தார். "வெள்ள மாட்டுக்கிட்ட நின்னுக்கிறேன்."

வெள்ளை மாடு வலது கோடியில் இருந்தது. கொழுந்தன் இடப்பக்கம் போனான். இதற்குள் மாடுகளும் ஓரடி தள்ளி நின்றன. நான் உறையைக் கழற்றிக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, மறுபடி கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்து, உறையை எடுத்துச் செருகினேன். வாளி, மூடி, இரண்டு எண்ணிக்கை. இரண்டு படம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய பெட்டி வாங்குபவர்கள் ஐஸுக்கும் சேர்த்து யோசித்துக்கொள்ள வேண்டும். இந்த ஊரின் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் பிலிம் கழுவும் மருந்தைக் கரைத்தால், பிலிமின் மேல் உள்ள பூச்சு வெல்லப்பாகு போல வழுக்கிக்கொண்டு போய்விடும். மீன் பசாரில் கெஞ்சி ஒரு துண்டு ஐஸ் வாங்கி வந்தேன். தவிட்டு மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில், சந்துகளில் எல்லாம் சாக்கைத் திணித்து இருட்டாக்கினேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உள்ளே கை தெரியவில்லை. பிலிமின் ஒரு மூலையில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி சின்ன வெட்டு இருக்கும். நிமிர்த்திப் பிடித்து, அந்த வெட்டு மேலே வலப்பக்கம் வந்தால் மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது. என்னிடம் ஒரு பீங்கான் தட்டுதான் இருந்தது, அதில் ஒரு பிலிம்தான் கொள்ளும். ஒன்றை எடுத்துக் கழுவினேன். மற்றதை உறையிலேயே விட்டுவைத்தேன்.

விளக்கு வைத்த நேரத்தில் ஈர பிலிமை வெளியே கொண்டுவந்து பிடித்தேன். மூவரும் பார்த்தோம்.

"வெள்ள மாடு ஏன் கறுத்துப்போச்சு?" என்றார் அக்கா.

"பிலிம்ல எல்லாம் தலைகீழ் அக்கா. வெளுப்பு கறுப்பாத் தெரியும். தாள்ல போட்டா மாறிடும்."

அக்கா விரலை நீட்டி, தொடாமல், இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டு போனார். திரும்ப ஒரு முறை எண்ணினார்.

"முப்பத்திரண்டு கொம்பு இருக்கே தம்பி."

நான் உறையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தகட்டின் பிடியும் கறுப்பாக, சுத்தமாக இருந்தன. சுண்ணாம்புக் கோடுகளைப் படகிலேயே அலை கழுவிக்கொண்டு போயிருக்கிறது. கட்டிலில் வைத்து எடுத்தபோது, எடுத்த பக்கத்தையே மறுபடி செருகி, ஒரே பிலிமில் இரண்டு படத்தையும் ஏற்றிவிட்டேன். வேலி நீளத்துக்கு மாட்டின் மேல் மாடாகப் பதினாறு மாடு. இரண்டு கோடியிலும் ஓர் அக்கா, இரண்டு கோடியிலும் ஒரு கொழுந்தன்.

கொழுந்தன் முதலில் சந்தோஷப்பட்டான். "பதினாறுன்னா நமக்குக் கௌரவம்தானே அண்ணி? இதையே குடு, கொண்டு போறேன்."

"எட்டு மாட்டுக்கே உன்ன அனுப்பினாரு. பதினாறுன்னு தெரிஞ்சா அவரே கப்பலேறிடுவாரு. அதுவும் இல்லாம, இதப் பாரு. எனக்குப் பின்னால நிக்கிற மாடு எனக்குள்ள தெரியுது. செத்துப் போனவ மாதிரி இருக்கேன்."

கொழுந்தன் தன் உருவத்தைத் தேடிப் பார்த்தான். அவன் வயிற்றுக்குள்ளும் வேலிக் கம்பு தெரிந்தது. "கப்பலேறப் போறவன இப்படி ஆவியா புடிச்சிருக்கீங்களேண்ணே," என்று தள்ளி உட்கார்ந்தான்.

என்ன நடந்தது என்று சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சோறு சாப்பிட்டியா தம்பி?"

"சாப்பிட்டேன்கா."

"அப்ப யோசி."

யோசிக்க அதிகம் இல்லை. இரண்டும் ஒன்றில் விழுந்திருந்தால், உறையில் இருக்கிற மற்றது இன்னும் வெளிச்சமே பார்க்காத பிலிம். தட்டு பெரிதாக இருந்திருந்தால் அதையும் சேர்த்து மருந்தில் போட்டுக் கெடுத்திருப்பேன். முதலில் கைக்கு அது வந்திருந்தாலும் போயிருக்கும். பெரிய தட்டு வாங்குங்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறதாம். நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல் நேரத்தில் இருந்தது. அக்கா நாலு மணிக்குக் கறந்து, விடிவதற்குள் காவடிக் கம்பில் பால் டின்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயாக்கடைகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டுத் திரும்ப ஒன்பது மணி ஆகும். கப்பலுக்குப் போகிறவன் பன்னிரண்டு மணிக்குப் படகுத்துறை ஜெட்டியில் நிற்க வேண்டும். இந்த ஈரக் காற்றில் பிலிம் காய மூன்று மணி நேரம். ஆக, படத்தை ஏழு மணிக்கு எடுத்தாக வேண்டும்.

"ஒரு நாளைக்குக் கடக்காரன் காத்திருக்கட்டும்," என்றார் அக்கா. சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை.

காலையில் மாடுகளைக் கழுவி, கொம்புக்கு எண்ணெய் போட்டு நிறுத்தியிருந்தார். கறந்த பால் டின்களில் நின்றது. கொட்டாங்கச்சி, முக்காலி, வேட்டித் துணி. உறையைச் செருகுவதற்கு முன் எடுத்த பக்கத்துப் பிடியில் கத்தியால் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டேன். இது கடல் தண்ணீரில் போகாது. நீங்களும் கத்தியையே நம்புங்கள். அக்கா இந்த முறை நடுவில் நின்றார், கையில் வாளியோடு. கொழுந்தன் ஓரத்தில் ஒரு மாட்டின் முதுகில் கை போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக் கண் பிதுங்க நின்றான்.

"மூச்சு விடு," என்றேன். "ரெண்டு எண்றதுக்குள்ள செத்துட மாட்ட."

வாளியின் மேல் அக்கா தட்டினார். எட்டு மாடும் நிமிர்ந்தன. மூடியை எடுத்தேன். ஒன்று, இரண்டு. வெள்ளை மாடு மட்டும் வாலைத் தூக்கி ஈயை விரட்டியது. மூடினேன்.

அக்கா படத்துக்காகக் காத்திருக்கவில்லை. காவடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் தவிட்டு அறைக்குள் போனேன். கழுவிய பிலிமைக் கொட்டகை ஓரத்தில், கடல் காற்று வருகிற இடமாகப் பார்த்து, துணிக் கொடியில் தொங்கவிட்டேன். ஈரப் பூச்சில் ஈ உட்கார்ந்தால் அங்கேயே சமாதி. பனையோலை விசிறியைக் கொழுந்தன் கையில் கொடுத்து ஈ ஓட்டச் சொன்னேன். மூன்று மணி நேரம் நகராமல் நின்று ஓட்டினான். அவன் அவ்வளவு நேரம் ஒரு வேலை செய்தது அவன் அம்மாவுக்குத் தெரிந்தால் கோயிலுக்கு நேர்ந்துகொள்வாள் என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

பத்தரைக்கு பிலிமையும் தாளையும் சட்டத்தில் வைத்து வெயிலில் காட்டினேன். பெரிய பிலிமில் இது ஒரு சௌகரியம். பிலிம் எவ்வளவோ படம் அவ்வளவு. பெருக்கிக் காட்ட வேறு கருவி வேண்டாம், சூரியன் போதும். அக்கா திரும்பி வந்தபோது தாளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். அவர் முகம் வியர்த்து, வாய் இறுகியிருந்தது.

"என்ன சொன்னாங்க அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"முக்குச் சாயாக்கடைக்காரர் சொல்லிட்டாரு. நாளைக்கும் லேட்னா வேற ஆள் பாத்துக்குவேன்னு." காவடியை இறக்கிவிட்டு வந்து படத்தைப் பார்த்தார். முதலில் கொம்பைத்தான் எண்ணினார். பதினாறு. பிறகு தன்னைப் பார்த்தார். எதுவும் உள்ளே தெரியவில்லை. முழு ஆளாக நின்றார். மாட்டிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததில் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வெள்ளை மாட்டின் வால் மட்டும் விசிறி மாதிரி விரிந்து கலைந்திருந்தது.

"இதுதான் உண்ம," என்றார்.

விளக்குக் கரியைக் கட்டைவிரலில் தடவி, படத்தின் பின்பக்கம் கைநாட்டு வைத்தார். கொழுந்தன் அதை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"அண்ணன் ஒண்ணு கேக்கும் அண்ணி. எட்டு மாட்ட ஒத்த ஆளா எப்படிப் பாக்குதுன்னு கேக்கும். பால் ஊத்த ஆள் இருக்குன்னு சொல்லட்டுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். "இவனயா சொல்ற? நாளைக்கு எந்த ஊர்ல இருப்பானோ."

நான் ஆயர் ஈத்தாம் பக்கம் போகலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் உறையில் பிலிம் இல்லை, பிஸ்கட் டின்னில் அரிசியும் பாதிதான் இருந்தது. பதினாறு மாட்டைப் படைத்தவன் எட்டு மாட்டுப் பாலையாவது சுமக்கலாம் என்று தோன்றியது.

"பொய் சொல்ல வேணாம்," என்றேன். "இருக்குன்னே சொல்லு."

ஜெட்டியில் அவன் தனியாகத்தான் படகேறினான். படகு கப்பலை நெருங்கும் வரை சட்டையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் நாலு மணிக்கு அக்கா கறந்து ஊற்றினார், நான் தூக்கினேன். பெட்டி தவிட்டு அறையில், மூட்டைகளுக்கு மேல் இருந்தது. முக்காலி உட்கார்ந்து காய்த்துப்போயிருந்த வலது தோளில், அதே இடத்தில் காவடிக் கம்பு சரியாக உட்கார்ந்தது. முக்குக்கடைக்குத்தான் முதலில் போனேன். கடைக்காரர் அப்போதுதான் கதவுப் பலகையைக் கழற்றிக் கடை திறந்துகொண்டிருந்தார்.